எங்கள் வீட்டு வைஃபைக்கு நான் போட்ட பூட்டு

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், சேலையூரில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு வந்தது. அதுவரை எங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. இதை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. காரணம், நான் குரோம்பேட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர்.

டீச்சர் என்றால் பாடம் நடத்துகிறவள், அவ்வளவுதான். நெட்வொர்க் பாடம் வந்தால் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு, நடுவில் ஒரு வட்டம் போட்டு, எல்லாவற்றையும் கோட்டால் இணைத்துவிடுவேன். அந்த நெட்வொர்க் ஒருநாளும் பழுதானதில்லை. பள்ளி லேபில் நிஜ ஒயர்களை மாட்டுவதெல்லாம் லேப் அசிஸ்டென்ட் அம்மாவின் வேலை. ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், அவர் மேஜைக்கு அடியில் புகுந்து சரிசெய்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வருவார். நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அதேதான் நானும் நினைச்சேன்" என்பேன்.

என் கணவருக்கு ரயில்வேயில் ஆபீஸ் வேலை. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை அவர் வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்வார். அதனால் எங்கள் இருவரில் நான் நிபுணராக இருந்தேன். எதிர்ப் போட்டியே இல்லாமல் கிடைத்த பதவி.

இணைப்புக் கொடுக்க வந்தவர் நடுவயதுக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்து, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் மோடத்தை மாட்டினார். அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு நீல ஒயரை எடுத்து, மோடத்தையும் என் புது லேப்டாப்பையும் இணைத்து, பத்து நிமிடம் எதையோ தட்டினார். பிறகு ஒயரைக் கழற்றிச் சுருட்டிப் பெட்டிக்குள்ளேயே போட்டார்.

"இன்னா மேடம், இனிமே ஒயரே வாணாம். வூடு ஃபுல்லா நெட் கீது. பெட்ரூம்ல குந்திகினு பாக்கலாம்."

"பாஸ்வேர்டு ஏதாவது போடணுமே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு மேடம்? பாஸ்வேர்டு போட்டா நீங்க மறந்துடுவீங்கோ. அப்பால எனக்கு போன் பண்ணுவீங்கோ. உங்களுக்கும் பேஜார், எனக்கும் பேஜார். ஆமா, நீங்க இன்னா பண்றீங்கோ?"

"கம்ப்யூட்டர் டீச்சர்."

"அட, அப்ப உங்களுக்கே எல்லாம் தெரியுமே! நீங்களே போட்டுக்குங்க."

அதற்கப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அட்டைப் பெட்டியை ஷோகேஸ் மேல் ஏற்றி வைத்தேன். பாஸ்வேர்டை அந்த வாரமே போட்டுவிடுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே இரண்டு மாதம் ஓடிப்போனது.

ஒரு சனிக்கிழமை மதியம் கணவருக்கு என் திறமையைக் காட்டும் ஆசை எனக்கு வந்தது. மோடத்தின் உள்ளே போய்ப் பார்க்க ஒரு பக்கம் உண்டு. எண்களாலான ஒரு முகவரியைத் தட்டி, பெயருக்கும் பாஸ்வேர்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் திறந்துகொள்ளும். அதைத் திறந்து, "இங்க பாருங்க, இப்ப நம்ம நெட்டுல யார் யார் இருக்காங்கன்னு இதுல தெரியும்" என்றேன். என் லேப்டாப் பெயர் ஒன்றுதான் இருக்கும், அதைக் காட்டிப் பெருமைப்படலாம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது என்னுடையது. இரண்டாவது வரியில், பெரிய ஆங்கில எழுத்துகளில், ஏ, பி, பி, ஏ என்றிருந்தது.

கணவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "அப்பான்னு போட்டிருக்கு."

"அப்பா இல்லைங்க. ஏ.பி.பி.ஏ. இது ஏதோ சுருக்கப் பேர்."

"எதோட சுருக்கம்?"

"அட்வான்ஸ்டு..." என்று ஆரம்பித்தேன். "ஹேக்கர்ஸ் இப்படித்தான் பேர் வைப்பாங்க. வெளியில யாருக்கும் புரியக் கூடாதில்ல?"

"படிச்சா அப்பான்னுதானே வருது?"

"உங்களுக்குச் சொன்னா புரியாது" என்று பேச்சை முடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான், பூட்டாமல் கிடந்த யாரோ ஒருவருடைய வைஃபையிலிருந்து மிரட்டல் மெயில் போன செய்தி பேப்பரில் வந்திருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது இணைப்புக்குச் சொந்தக்காரர் வீட்டு வாசலில். இதைச் சொன்னதும் கணவர் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தார். "நான் கவர்மென்ட் வேலையில இருக்கேன்மா" என்றார், ஏதோ நானே அந்த மெயிலை அனுப்பியவள் போல.

நான் பால்கனிக்குப் போய் விசாரணையைத் தொடங்கினேன். எதிர் வீட்டு மாடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பிரம்மச்சாரிகள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் லுங்கியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு லுங்கியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அது போதுமான ஆதாரமாகப் பட்டது.

அன்று சாயங்காலமே காபியைக் குடித்துவிட்டு, லேப்டாப்பை மேஜையில் வைத்துப் பாதுகாப்பு வேலையை ஆரம்பித்தேன். மதியம் திறந்த அதே மோடம் பக்கத்துக்குள் 'செக்யூரிட்டி' என்று ஒரு தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே நான்கு வழிகள். முதலாவது, பூட்டே இல்லாதது. எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது அதுதான். இரண்டாவது, டபிள்யூ.இ.பி. என்று எழுதி 'வெப்' என்று சொல்வது. மூன்றாவதும் நான்காவதும், 'டபிள்யூ.பி.ஏ.'வும் அதனுடைய இரண்டாம் பதிப்பும்.

வெப் எனக்கு நன்றாகத் தெரியும். அதன் விரிவாக்கத்தை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் பலமுறை கொடுத்திருக்கிறேன். தெரிந்த பெயர் என்பதால் அதையே போட்டேன். போட்ட பிறகு, எதற்கும் பார்ப்போம் என்று இணையத்தில் தேடினால், அது பழங்காலத்துப் பூட்டு, விஷயம் தெரிந்தவர்கள் சில நிமிடங்களில் உடைத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தது. நான் அதை மாணவர்களுக்கு 'நம்பகமான பாதுகாப்பு' என்று எழுதிப்போட்டிருந்தேன். எழுதிய குழந்தைகளுக்கு மதிப்பெண்ணும் கொடுத்திருந்தேன்.

ரோஷத்தோடு நான்காவது வழிக்குத் தாவினேன். அதற்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். எட்டு எழுத்திலிருந்து அறுபத்து மூன்று எழுத்து வரை இருக்கலாம் என்றிருந்தது. ஒரு சாதாரண மனுஷி பத்துப் பன்னிரண்டில் நிறுத்தியிருப்பாள். நான் எங்கள் கல்யாணத் தேதி, தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியின் நம்பர், என் பள்ளியின் பெயர் தலைகீழாக, நடுநடுவே நட்சத்திரமும் கேள்விக்குறியும் என்று அறுபத்து மூன்றையும் நிரப்பினேன். அதை ஒரு தாளில் எழுதி மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். லேப்டாப்பில் அதைத் தப்பில்லாமல் தட்டி உள்ளே நுழைய ஐந்து முறை ஆயிற்று.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அடுத்ததாக, நெட்வொர்க்கின் பெயரை மாற்றலாம் என்று கண்ணில் பட்டது. திருடன் பயந்து ஓடட்டும் என்று 'வைரஸ்' என்று பெயர் வைத்தேன். அதற்குக் கீழேயே, பெயரை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைக்கலாம் என்று இன்னொரு வசதி. அதிலும் ஒரு டிக் போட்டேன். மறைத்துவைத்த பெயரைப் பார்த்து எவன் பயப்படுவான் என்று அப்போது தோன்றவில்லை.

கடைசியில் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிறக்கும்போதே பன்னிரண்டு எழுத்தில் ஒரு அடையாள எண் உண்டு. நமக்கு மச்சம் மாதிரி. எந்தெந்த எண்ணை உள்ளே விடலாம் என்று மோடத்தில் எழுதி வைத்துவிட்டால், வேறு எவரும் பாஸ்வேர்டே தெரிந்திருந்தாலும் நுழைய முடியாது. ஆகா, இதுவல்லவா பாதுகாப்பு என்று, லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சின்னஞ்சிறு ஸ்டிக்கரிலிருந்து எண்ணைப் படித்துத் தட்டினேன். மூக்குக்கண்ணாடி படுக்கையறையில் இருந்தது. எழுந்து போக சோம்பல். சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

பக்கம் மறைந்துபோனது. இன்டர்நெட்டும் போனது. மறுபடி இணைத்துப் பார்த்தேன். அறுபத்து மூன்று எழுத்தையும் மறுபடி தட்டினேன். மோடம் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு சுவரில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. என்னை மட்டும் உள்ளே விடவில்லை. எண்ணில் ஏதோ ஒரு எழுத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். அதைத் திருத்த வேண்டுமென்றால் மோடத்துக்குள் போக வேண்டும். உள்ளே போகத்தான் அனுமதி இல்லை. உலகத்திலுள்ள அத்தனை ஹேக்கர்களையும் தடுத்து, கூடவே என்னையும் தடுத்து, உள்ளே ஒருவருமே இல்லாத ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கியிருந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் கணவர்.

"ம். இப்ப எக்ஸ்சேஞ்சுல ஏதோ வேலை நடக்குது போல. நாளைக்கு வரும்" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டரை ஆராதனைக்குப் போவதற்காக நான் ஐந்தரைக்கே எழுந்து இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. எங்களுக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் குடியிருக்கும் சார் நின்றுகொண்டிருந்தார். ஆடிட் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். மாடிப்படியில் பார்த்தால் ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு, அதற்குமேல் பேசமாட்டார். அவ்வளவு காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி இட்டிருந்தார்.

"மன்னிக்கணும் டீச்சர், காலங்காத்தால தொந்தரவு பண்றேன். நேத்து சாயங்காலத்துலேருந்து நெட் வரல. உங்களுக்கு வருதா?"

"எங்களுக்கும் வரல சார்." அது உண்மைதான்.

"அப்ப பில்டிங் முழுக்கவே போயிடுச்சு. பில்டருக்கு போன் பண்ணிப் பாத்தேன். எடுக்க மாட்டேங்கறான்."

"பில்டருக்கா? எதுக்கு சார்?"

"நம்ம அபார்ட்மென்ட் வைஃபைதானே டீச்சர். ஃபிளாட் விக்கறப்போ பிரோஷர்ல போட்டிருந்தானே, இன்டர்நெட் வசதின்னு. நானும் ரொம்ப நாள் சும்மா எழுதியிருக்கான்னுதான் நெனச்சேன். ரெண்டு மாசம் முன்னாடி பொண்ணு அமெரிக்காலேருந்து ஃப்ரெண்ட் ஒருத்தர்கிட்ட லேப்டாப் குடுத்து அனுப்பிச்சா. அவர்தான் ஆன் பண்ணிட்டு, 'அங்கிள், உங்க பில்டிங்ல வைஃபை இருக்கு, பாஸ்வேர்டுகூட இல்ல'ன்னு கனெக்ட் பண்ணிக் குடுத்தார். பரவாயில்லையே, சொன்னதைச் செஞ்சிருக்கானேன்னு பில்டருக்கு தேங்க்ஸ் லெட்டர்கூட எழுதினேன்."

நான் திரும்பி, சுவரில் சிமிட்டிக்கொண்டிருந்த எங்கள் மோடத்தைப் பார்த்தேன். அடுப்பில் இட்லிப் பானை வேறு விசிலடிப்பது போல ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க கம்ப்யூட்டர் டீச்சர். ஒரு நிமிஷம் மேல வந்து பாக்க முடியுமா? ஆறரைக்கு ரொம்ப முக்கியமான வேலை இருக்கு" என்றார்.

முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. அவர் பின்னாலேயே படியேறினேன்.

மேல் வீட்டு ஹாலில் அவர் மனைவி அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டி, தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, லேப்டாப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் ஒரு தாம்பாளம். அதில் சந்தனம், குங்குமம், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். சமையலறையிலிருந்து புளியோதரை வாசனை வந்தது.

"வாங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு எங்க பொண்ணுக்கு வளைகாப்பு. இங்க வர வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அங்க இருக்கற ஃப்ரெண்ட்ஸே பண்றாங்க. அவங்களுக்கு இப்ப சனிக்கிழமை சாயங்காலம். நான் இதுலயே கூட இருந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கேன். கொஞ்சம் சரிபண்ணிக் குடுத்துடுங்க டீச்சர். உங்களுக்குப் புண்ணியமா போகும்."

லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அருகில் இருக்கும் நெட்வொர்க்குகளின் பட்டியல் காலியாக இருந்தது. காலியாகத்தானே இருக்கும், நான்தான் ஒளித்துவைத்திருந்தேனே. ஏதாவது செய்கிற மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு மூன்று இடங்களைத் திறந்து மூடினேன். ஒரு இடத்தில் அந்த லேப்டாப்பின் பெயர் வந்தது. பெரிய எழுத்தில், ஏ, பி, பி, ஏ.

"இந்தப் பேரு..." என்றேன்.

"அதுவா, பொண்ணு வெச்சது. அப்பாவுக்காக வாங்கினதுன்னு அப்பான்னே வெச்சிருக்கா" என்றார் சார். அந்த ஒரு கணம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருந்தால், நான் எதிர் வீட்டு லுங்கிக்காரரைப் பார்த்த பார்வையை நினைத்து நீங்களும் கூசிப்போயிருப்பீர்கள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சிக்னல்ல ஏதோ பிரச்சினை இருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று எழுந்து, இரண்டிரண்டு படியாக இறங்கினேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் சர்ச்சில் முழங்கால்படியிட வேண்டியவள்.

கணவர் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தார். "அந்த ஏ.பி.பி.ஏ. யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

"யாரு?"

"மேல் வீட்டு சார். அவர் லேப்டாப்போட பேரு அது."

சீப்பு அப்படியே தலையில் நின்றது. "அப்ப அப்பாதான்" என்றார்.

"ஆமாங்க. அப்பாதான்."

நடந்ததையெல்லாம், எக்ஸ்சேஞ்ச் பொய் உட்பட, மூச்சுவிடாமல் சொன்னேன். நல்லவேளை, திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை. நான் லேப்டாப்பைத் திறந்து கண்ணாடி போட்டுக்கொண்டு அறுபத்து மூன்று எழுத்தையும் தட்டினேன். மோடம் அசையவில்லை. அதன் பின்புறம் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதில் ஊக்கை விட்டு அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஆனால் இணைப்புக்காரர் தட்டிவைத்துவிட்டுப் போனதும் சேர்ந்து அழிந்துவிடும் என்றும் படித்திருந்தேன். ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டையையே பார்த்தபடி நின்றேன். கம்ப்ளெயின்ட் நம்பர் அட்டைப் பெட்டியில் இருக்கும் என்று கணவர் நாற்காலி போட்டு ஷோகேஸ் மேலிருந்து அதை எடுத்தார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. சார் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பின்னால் அவர் மனைவி தாம்பாளத்தோடு.

"கீழ் மாடியில சிக்னல் நல்லா கிடைக்குமோன்னு தோணிச்சு டீச்சர். ஆறரை ஆகப்போகுது" என்றார் சார்.

உட்காரச் சொன்னேன். கணவர் மேஜையில் பெட்டியைக் கவிழ்த்தார். விளக்கப் புத்தகம், சிடி, தெர்மோகோல், அவற்றோடு சுருட்டி வைத்திருந்த அந்த நீல ஒயர். சாரின் மனைவி ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது எதுக்கு டீச்சர்?"

"அது மோடத்தையும் லேப்டாப்பையும் நேரா சேர்க்கற ஒயர் ஆன்ட்டி. வயர்லெஸ் இல்லாத..." என்று பாடம் நடத்தும் குரலில் ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் நின்றுபோனேன்.

"அப்ப இதை மாட்டினா வராதா?"

பதினோரு வருடமாகக் கரும்பலகையில் நான் போட்டுக்கொண்டிருந்த கோடு அது. ஒவ்வொரு வருடமும் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு அந்தக் கோட்டை இழுத்து, 'இதுதான் கேபிள்' என்று எழுதியிருக்கிறேன். நான் போட்ட பூட்டு, மறைப்பு, மச்சம் எல்லாம் காற்றில் வருகிறவர்களுக்குத்தான். ஒயரில் வருகிறவர்களை மோடம் ஒரு வார்த்தை கேட்காது. இதைச் சொல்ல, பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா தேவைப்பட்டார்.

ஒயரின் ஒரு முனையை மோடத்தில் சொருகினேன், மறு முனையை அவர்கள் லேப்டாப்பில். பத்து விநாடியில் வந்துவிட்டது. அவர்கள் அழைப்பதற்கு முன்பே அங்கிருந்து அழைப்பு வந்தது. திரையில் முகம் முதலில் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு சேர்ந்தது. நிறைமாத வயிறும் மாலையுமாக ஒரு பெண்.

"அம்மா! எங்கம்மா போன? எவ்ளோ நேரமா கூப்பிடறேன்! வரவே மாட்டியோன்னு நெனச்சேன்" என்றவள், சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். இந்தப் பக்கம் அம்மாவும் அழுதார். அங்கே சுற்றி நின்ற தோழிகள், "அழக் கூடாது, அழக் கூடாது" என்று கத்தினார்கள். என் கணவர் எதற்கென்று தெரியாமல் ஃபேனை நிறுத்தினார்.

சாரின் மனைவி தாம்பாளத்திலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்து, கேமராவுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார். "கையைக் காட்டுடி" என்றார். அங்கே அவள் கையை நீட்டினாள். ஒரு தோழி அதே நேரத்தில் அவள் கையில் ஒரு பச்சை வளையலை ஏற்றினாள். இவர் அடுத்து சிவப்பை நீட்டினார். அங்கேயும் சிவப்பு. படம் அவ்வப்போது உறைந்துபோனது. உறைந்தபோதெல்லாம் இவர் வளையலைப் பிடித்த கையை இறக்காமல் அப்படியே காத்திருந்தார். எங்கள் சாப்பாட்டு மேஜையில், தெர்மோகோல் துண்டுகளுக்கு நடுவே, அந்த வளைகாப்பு அரை மணி நேரம் நடந்தது. நடுவில் இட்லி தீய்ந்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

சார் மட்டும் பாதியிலேயே திரையை விட்டுப் பார்வையை எடுத்திருந்தார். ஒயர் போகும் வழியைப் பார்த்தார். சுவரிலிருந்த மோடத்தைப் பார்த்தார். முப்பது வருடத்துக்குமேல் கணக்குத் தணிக்கை செய்தவர்.

அழைப்பு முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், இந்த மோடம் உங்களோடதா?"

"ஆமா சார்."

"அபார்ட்மென்டுக்குப் பொதுவா எதுவும் இல்ல?"

"இல்ல சார்."

"அப்ப ரெண்டு மாசமா நாங்க..." வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "சர்வீஸ்ல ஒரு நாள்கூட ஆபீஸ் ஜீப்புல வீட்டுக்கு வந்தவன் இல்ல டீச்சர் நான். இப்படி ஆயிடுச்சே" என்றார்.

அவர் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "சார், தப்பு என்னோடது. நான்தான் திறந்து போட்டேன். நேத்து மூடினதும் நான்தான். மூடறேன்னு என்னையும் சேர்த்துப் பூட்டிக்கிட்டேன். காலையில மேல வந்து சிக்னல் பிரச்சினைன்னு சொன்னது சுத்தப் பொய்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. ஏ.பி.பி.ஏ.வை ஹேக்கர் கூட்டம் என்று நினைத்ததையும், எதிர் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டதையும் சொன்னேன்.

"நான் அப்பவே அப்பான்னுதான் படிச்சேன்" என்றார் கணவர், எடுத்துக்கொடுப்பது போல.

சாரின் மனைவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இவரையா? இவருக்கு மெயில் அனுப்பவே நான் பக்கத்துல உக்காந்து சொல்லணும்" என்றார். பிறகு என் கையை இழுத்து, தாம்பாளத்திலிருந்த வளையல்களில் ஆறை என் மணிக்கட்டில் ஏற்றினார். அன்று சர்ச்சில் நான் எழுந்து உட்காரும்போதெல்லாம் கை கலகலவென்று சத்தம் போட்டது. முன் வரிசையிலிருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் அதே ஒயரை என் லேப்டாப்பில் மாட்டி, மோடத்துக்குள் போய்ப் பார்த்தேன். ஸ்டிக்கரில் 8 என்றிருந்ததை நான் பி என்று கொடுத்திருந்தேன். மச்சக் கணக்கை மொத்தமாக எடுத்துவிட்டேன். மறைத்த பெயரை வெளியே கொண்டுவந்து, வைரஸ் என்பதையும் மாற்றினேன். நான்காவது வழியை மட்டும் வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டைப் பதினாறு எழுத்தாகக் குறைத்தேன். அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி மேல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சார் இரண்டு கையாலும் தாளை வாங்கி, படிக்காமலே மடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வேணாம் டீச்சர். தெரியாம பண்ணினது வேற."

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் என்னைப் பார்த்தால் மாடிப்படியிலேயே நின்று, நான் போகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கும் அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நான் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் கதவில் காதை வைத்து, மேலே செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி மட்டும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, ஒயரை அவரே மாட்டி, மகளோடு பேசிவிட்டுப் போனார். "அவரு கெடக்காரு" என்றார்.

இரண்டாவது வாரம் சார் வாசலில் வந்து நின்றார். சொந்தமாக பிராட்பேண்ட் வாங்கியிருந்தார். "செக்யூரிட்டி நீங்கதான் போட்டுத் தரணும். உங்களைவிட அனுபவப்பட்டவங்க யார் இருக்கா?" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதருக்குக் கிண்டல் வராது. நிஜமாகவே கேட்டார்.

மேலே போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை எல்லாமே சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்காவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். மோடத்துக்குள் நுழைய எல்லோருக்கும் தெரிந்த அந்த ஆரம்பச் சொல்லை மாற்றினேன். மற்ற வசதிகள் எதையும் தொடவில்லை. கை துறுதுறுத்தது, தொடவில்லை.

"பாஸ்வேர்டு நீங்களே போடுங்க சார். யாருக்கும் தெரியக் கூடாது, எனக்கும்தான். குறைஞ்சது பன்னிரண்டு எழுத்து, நடுவுல எண்ணும் வரட்டும்" என்று சொல்லி, நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு, ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி ஒரு விரலால் தட்டினார். தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும், ஆபீசில் எண்களைப் படித்துச் சரிபார்ப்பது போல, உரக்கச் சொன்னார். மகள் பெயர் முழுசாக வந்தது. பிறகு பிறந்த வருடம். உறுதிசெய்ய இரண்டாவது முறை தட்டச் சொன்னது. இரண்டாவது முறையும் அதே குரலில் சொன்னார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கத் தெருவையே பார்த்தேன்.

கீழே வந்தபோது கணவர், அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, எங்கள் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பாஸ்வேர்டுதான்" என்றார், தலையைத் தூக்காமலே.